காவற்சுற்று

நுழையும்முன்

காடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மரங்களும் விலங்குகளுமே. அங்கே நாள்தோறும் நடந்து திரிந்து பணியாற்றும் மனிதர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவு. ஊருக்குள் புலி வந்தது, தண்டவாளத்தில் யானை அடிபட்டது, மலையில் தீப்பற்றியது எனச் செய்தித்தாள்கள் எழுதும் ஒவ்வொரு நாளுக்குப் பின்னும் செய்தியாகாத பல நாள்களின் உழைப்பு இருக்கிறது. முதுமலையை நடுவாக வைத்து அவ்வுழைப்பை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் கூடும் இடத்தில், நீலகிரி மலையின் வடபுறச் சரிவை ஒட்டி விரிந்து கிடக்கிறது முதுமலை. 1940ஆம் ஆண்டில் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. வெளிவட்டப் பகுதிகளையும் சேர்த்தால் இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர். பந்திப்பூரும் வயநாடும் இதனோடு தொடர்ந்து கிடக்கின்றன. மாநில எல்லை யானைக்கும் புலிக்கும் இல்லை. கோப்பு எழுதும் அலுவலர்களுக்கு மட்டும் உண்டு.

இவ்வளவு பரப்பையும் காப்பதற்காகக் காடு வனச்சரகங்களாகவும், சரகம் பிரிவுகளாகவும், பிரிவு காவற்சுற்றுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. சரகத்தின் தலைவர் வனச்சரகர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்னும் வரிசையில் பணியாளர்கள் உள்ளனர். இவர்களோடு வேட்டைத்தடுப்புக் காவலர்களும் இருக்கின்றனர். பதவிப் பட்டியலில் கடைசியாக எழுதப்படும் இவர்களே காட்டுக்குள் முதலாவதாக நடப்பவர்கள். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர் பலர் இப்பணியில் உள்ளனர். காய்ந்த சருகின்மீது பதிந்த தடம் நேற்றையதா இன்றையதா என்பதையும், குரங்கின் கூச்சல் சிறுத்தையைக் கண்டு எழுந்ததா வெறும் சண்டையா என்பதையும் பிரித்தறியும் திறன் பயிற்சிக் கல்லூரியில் ஆறு மாதத்தில் வாய்ப்பதன்று. அத்திறன் உடையவர்களுள் பலர் இன்றும் தற்காலிகப் பணியாளர்களாகவே இருப்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

விடியற்காலை நடை

காட்டின் உட்பகுதியில் வேட்டைத்தடுப்பு முகாம்கள் உள்ளன. யானை நெருங்காதவாறு சுற்றிலும் அகழி வெட்டப்பட்ட சிறு கட்டடம், சில நாள்களுக்கு வேண்டிய அரிசி பருப்பு, ஓர் ஒலிவாங்கிக் கருவி, நான்கைந்து பேர்: முகாம் என்பது இவ்வளவே. பொழுது புலர்ந்ததும் இவர்கள் குழுவாக நடக்கத் தொடங்குகின்றனர். முன்னே செல்பவர் தரையையும், அவருக்குப் பின்னே வருபவர் இருபுறத்துப் புதரையும், கடைசியில் வருபவர் பின்புறத்தையும் கவனிப்பர். பேச்சு குறைவு. காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அவ்வப்போது மண்ணைத் தூவிப் பார்த்துக் கொள்வர். நம் மணம் முன்னே இருக்கும் யானைக்குச் சென்றால் அது விலகவும் கூடும், எதிர்த்து வரவும் கூடும்.

நடந்த வழியும் கண்ட தடயங்களும் கைப்பேசிச் செயலியில் இடக்குறிப்புடன் பதிவாகின்றன. புலியின் எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல், செந்நாய்க் கூட்டம் கொன்ற புள்ளிமானின் எலும்பு, நீர்க்குட்டை வற்றிய நாள் ஆகிய யாவும் குறிக்கப்படும். ஒரு நாளின் பதிவு பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஓராண்டின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தப் பள்ளத்தாக்கில் நெடுநாளாக ஒருவரும் நடக்கவில்லை என்பது வெள்ளை இடமாகத் தெரிந்துவிடும். வேட்டையாடுவோர் தேடுவதும் அந்த வெள்ளை இடத்தையே.

அவர்கள் விட்டுச் செல்லும் பொறிகள் எளியவை. இருசக்கர வண்டியின் கட்டைக்கம்பியை முடிச்சிட்டு மான்தடத்தில் கட்டிவிட்டால் அது சுருக்குக் கண்ணி. மானுக்கு வைத்ததில் சிறுத்தையும் புலியும் சிக்குகின்றன. கண்ணியைக் கண்ட காவலர் உடனே அறுத்தெறிவதில்லை. ஒருவர் வந்து வைத்தார் எனில் அவர் பார்க்கவும் வருவார். ஆதலால் சில நேரம் இரவு முழுவதும் அசையாமல் காத்திருக்க வேண்டியுள்ளது.

அதனினும் கொடியது ‘அவுட்டுக்காய்’. காட்டுப்பன்றியைக் கொல்வதற்காகப் பழத்துக்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ மறைத்து வைக்கப்படும் வெடிமருந்து உருண்டை அது. கடித்தவுடன் வெடிக்கும். யானைக்கன்று அதைக் கடித்தால் தாடையும் நாக்கும் சிதையும். உடனே இறப்பதில்லை. தின்ன இயலாமல், நீர்நிலையருகே நின்று, பல நாள்கள் பட்டினி கிடந்து சாகும். அத்தகைய யானையை நாள்தோறும் பின்தொடர்ந்து, மருத்துவர் வரும்வரை அதன் இருப்பிடத்தை இழந்துவிடாமல் காப்பதும் காவற்சுற்றின் பணியே. கண்முன்னே மெலிந்து வரும் உயிரைப் பார்த்தபடி நடக்கும் அந்நாள்கள் பெரும்பாலான ஆபத்துகளைக் காட்டிலும் கடினமானவை.

வானில் பாறுக்கழுகுகள் வட்டமிட்டால் கீழே ஏதோ இறந்து கிடக்கிறது என்று பொருள். மாயாறு பள்ளத்தாக்கில் அப்பறவைகள் கூடு கட்டி வாழ்வதால் முதுமலைக் காவலர்க்கு இந்த அறிவிப்பு வானத்திலிருந்தே கிடைக்கிறது. உடலைக் கண்டதும் முதற்கேள்வி, அது எவ்வாறு இறந்தது என்பது. இறந்த யானையின் வாய், மூக்கு வழியே உறையாத குருதி வழிந்திருந்தால் அடைப்பான் நோய் என ஐயுற வேண்டும். அப்போது உடலை அறுத்துப் பார்க்கக் கூடாது. நோய்க்கிருமி காற்றிலும் மண்ணிலும் பரவிவிடும். குருதித்துளியை மட்டும் கண்ணாடிச் சில்லில் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர். நோய் இல்லையெனில் கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்வார். ஆண்யானையாயின் தந்தங்கள் அளந்து, எடையிட்டு, கணக்கில் ஏற்றப்படும்.

ஒரு பசுவின் இறப்பு

காட்டோரக் குடும்பம் ஒன்றின் பசுவைப் புலி கொன்றுவிட்டது என வைத்துக்கொள்வோம். காட்டுயிர் மருத்துவம் பற்றியோ உணவுச்சங்கிலி பற்றியோ அப்போது அவ்வீட்டில் பேசிப் பயனில்லை. காலையில் பால் ஊற்றப் பசு இல்லை. அதுவே அவர்களுக்குத் தெரிந்த உண்மை. வனக்காப்பாளர் விரைந்து சென்று, பல்தடத்தையும் இழுத்துச் சென்ற வழியையும் பார்த்து, இழப்பீட்டுக்கான அறிக்கையை எழுத வேண்டும். இது வெறும் அலுவலகத்தாள் போலத் தோன்றும். ஆனால் அத்தாள் தாமதமானால் என்ன நிகழும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியில் நிகழ்ந்தது சான்று. அங்கு இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. தம் மாட்டைப் புலிக்கு இழந்த ஒருவர், இறந்த மாட்டின் உடலில் நஞ்சைக் கலந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. அப்பகுதியில் அறிக்கை தாமதமாயிற்று என்று நான் கூறவில்லை. சினம் கொண்ட மனிதருக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள காலம் மிகச் சிறியது என்பதையே சொல்கிறேன். அந்தச் சிறு காலத்துக்குள் ஒருவர் சென்று, திண்ணையில் அமர்ந்து, இழப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் புலிகாக்கும் பணிதான்.

ஊருக்குள் யானை

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 3063 காட்டுயானைகள் உள்ளன. அவை செல்லும் பழந்தடங்களில் இன்று சாலை, தோட்டம், விடுதி, தண்டவாளம் ஆகியவை குறுக்கிடுகின்றன. விளைநிலத்தில் யானை இறங்குவது புதிய செய்தியன்று. குறிஞ்சிநில மக்கள் தினைப்புனத்தில் பரண் அமைத்து, கவண்கல் எறிந்தும் தீக்கொள்ளி காட்டியும் யானையை விரட்டியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அன்றும் விரட்டினர், ஆயின் விரட்டப்பட்ட யானை சென்று மறையக் காடு பின்னே இருந்தது.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. வாழைத்தோட்டத்தில் யானை. காவலர் குழு முதலில் கேட்பது, அது தனியாக வந்த ஆண்யானையா, குட்டிகளோடு கூடிய கூட்டமா என்பதே. கூட்டமாயின் குட்டி பிரிந்துவிடாதவாறு மெல்ல நகர்த்த வேண்டும். தனி ஆண்யானையாயின் அதற்கு மதமா எனக் கன்னச்சுரப்பைப் பார்க்க வேண்டும். பிறகு அது வந்த வழி எது, போக விரும்பும் வழி எது என்று அறிய வேண்டும். அவ்வழியை மறித்து நின்றுகொண்டு வெடி வெடித்தால் யானை செல்லுமிடம் ஊரின் நடுவாகத்தான் இருக்கும். இவ்வளவையும் காவலர் அறிவர். ஆனால் அவர்கள் வந்து சேரும்போது அங்கே இருநூறு பேர் திரண்டிருப்பர். சிலர் கல்லெறிவர், சிலர் கைப்பேசியில் படம்பிடிக்க நெருங்குவர். யானையை நகர்த்துவது அரைமணி நேர வேலை, மனிதரை நகர்த்துவது நள்ளிரவு வரை நீளும் வேலை. இப்பணியில் உயிரிழந்த காவலர்களும் உண்டு.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பகுதிக்கு வந்த யானை ஒன்றின்மீது எரியும் பொருள் வீசப்பட்டது. காதோடு ஒட்டி எரிய, அது பிளிறியபடி ஓடிய காட்சியை நாடே பார்த்தது. அந்த யானை ஏற்கெனவே முதுகுப்புண்ணோடு இருந்தது. காவலர்கள் பழத்துக்குள் மருந்து வைத்துக் கொடுத்துக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்தனர். தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லும்போது அது இறந்தது. வண்டியில் கிடந்த அதன் துதிக்கையைப் பற்றிக்கொண்டு காக்கிச் சீருடையில் ஒருவர் அழுத காட்சியும் அந்நாள்களில் பரவியது.

விரட்டுவதைவிட முன்கூட்டி அறிவிப்பதே பயன்தரும் என்னும் எண்ணம் வால்பாறையில் செயலானது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக மக்களுக்குத் தெரிவிப்பர். கூடவே, உயரத்தில் பொருத்தப்பட்ட சிவப்பு விளக்குகளைக் கைப்பேசி வழியாக எரியவிடுவர். பேருந்திலிருந்து இறங்கும் தொழிலாளி விளக்கைப் பார்த்ததும் அவ்வழியே செல்லாமல் நிற்பார். தண்டவாளங்களிலும் இதே எண்ணம் வேறு வடிவில் வந்துள்ளது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் கோவை மாவட்டம் நவக்கரை அருகே தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின், மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் கேமராக்கள் கோபுரங்களில் அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் செயற்பாட்டுக்கு வந்தன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அங்கிருந்து தொடர்வண்டி ஓட்டுநருக்குச் செய்தி செல்லும்.

இருபத்தொரு நாள்கள்

அண்மைக்கால நிகழ்வுகளுள் காவலர்களின் பொறுமையை மிகுதியாகச் சோதித்தது டி-23 என்னும் புலியைத் தேடிய தேடல். ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இரா. தானியங்கிக் கேமராவில் பதிவாகும் வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலிக்கும் எண் இடுவர். அவ்வாறு எண் பெற்ற முதிய ஆண்புலி இது. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் கால்நடைகளையும் நான்கு மனிதர்களையும் கொன்றதாக அறியப்பட்டது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் தேடல் தொடங்கியது. இறந்தவர்களின் ஊரார் சாலையில் அமர்ந்து, புலியைச் சுட வேண்டும் என்றனர். அவர்தம் அச்சம் பொய்யன்று. காலையில் மாடு மேய்க்கச் செல்பவர் மாலையில் திரும்புவாரா என்று தெரியாத ஊர் அது. வேட்டையாடுவதற்கான ஆணையும் பிறந்தது. உயிருடன் பிடிக்க முயல வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது.

சுடுவதைவிட உயிருடன் பிடிப்பது பன்மடங்கு கடினமானது. முதலில், தேடப்படும் புலி அதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். அதே காட்டில் வேறு புலிகளும் உலவுகின்றன. தவறான புலியைப் பிடித்தால் இழப்பு இரட்டிப்பாகும். அடுத்து, மயக்கமருந்து ஊசியைத் துப்பாக்கியால் செலுத்தக் கால்நடை மருத்துவர் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் நெருங்க வேண்டும். புலியின் எடையைக் கண்ணளவால் கணித்து மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். மிகுந்தால் மூச்சு நிற்கும், குறைந்தால் மயங்காது. ஊசி பட்டவுடன் எந்த விலங்கும் விழுவதில்லை. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்நிமிடங்களில் அது ஓடும், பள்ளத்தில் விழலாம், நீரில் மூழ்கலாம், தேடுபவர் மீதே பாயலாம். முதுமலைப் பகுதியில் ஆளுயரத்துக்கு அடர்ந்திருக்கும் உண்ணிச்செடிப் புதரில், ஐந்தடிக்கு அப்பால் படுத்திருக்கும் புலியும் கண்ணுக்குத் தெரியாது.

கும்கி யானைகள், மோப்பநாய்கள், ஆளில்லாச் சிறுவிமானங்கள், மரங்களில் கட்டிய கேமராக்கள், பரண்கள் எனப் பலவும் பயன்படுத்தப்பட்டன. கருவிகள் காட்டிய திசையில் தரையைப் படித்தவர்கள் பழங்குடித் தடங்காணிகள். மழையும் பெய்தது, தடங்கள் அழிந்தன. அக்டோபர் 14 இரவு ஊசி செலுத்தப்பட்டும் புலி இருளில் புதருக்குள் மறைந்தது. மயங்கிய புலி எங்கோ கிடக்க, மயங்காத புலியும் அங்கே இருக்கக்கூடும் என்னும் நிலையில் இருட்டில் தேடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மறுநாள் பகலில் மசினகுடி அருகே மீண்டும் கண்டறிந்து, மீண்டும் ஊசி செலுத்திப் பிடித்தனர். உடலில் காயங்களோடு இருந்த அப்புலி மைசூரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இருபத்தொரு நாள்களில் தேடுவோரில் ஒருவரும் புலியால் உயிரிழக்கவில்லை. செய்திகளில் புலி பிடிபட்டது பெரிதாக வந்தது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

தீ

ஜனவரி முதல் மழை இறங்கும்வரை காவலர்க்கு விடுப்பு அரிது. இலையுதிர் காட்டில் சருகும் உலர்ந்த புல்லும் முழங்கால் அளவு கிடக்கும். அதற்கு முன்னரே சாலையோரங்களிலும் எல்லைகளிலும் செடிகொடிகளை வெட்டி எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பர். தீ பரவி வந்தால் அக்கோட்டில் எரிய ஏதுமின்றி அடங்கும். நம் காடுகளில் பற்றும் தீயில் மிகப்பெரும் பகுதி மனிதரால் ஏற்படுவது. மலைச்சரிவில் தீயணைப்பு வண்டி ஏறாது. பச்சைத் தழைகளால் அடித்தும், காற்றூதும் கருவியால் சருகை விலக்கியும், சில இடங்களில் எதிர்த்தீ மூட்டியும் அணைக்கின்றனர். தீ மேடு நோக்கி விரைந்து ஏறும்; ஆகவே தீக்கு மேற்புறம் நிற்கக் கூடாது என்பது காவலரின் முதற்பாடம்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சிக்கிய மலையேற்றக் குழுவினருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காய்ந்த புல்வெளியில் காற்றோடு வந்த தீ அவர்களைச் சூழ்ந்தது. வனப்பணியாளர்களும் உள்ளூர் மக்களும் இருட்டில் மலையேறிக் காயமுற்றோரைத் தூக்கி வந்தனர். விமானப்படை உலங்கு வானூர்திகளும் வந்தன. ஆயினும் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுழைவு அனுமதியைக் காவலர் கேட்கும்போது அதனை வெறும் கெடுபிடி என எண்ணுவோர் அந்நாளை நினைத்துப் பார்க்கலாம். உள்ளே எத்தனை பேர், எந்த வழியில் சென்றனர் என்பது தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

தாயிடம் சேர்த்தல்

எல்லா அழைப்புகளும் சாவோடு முடிவதில்லை. வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுவது, சாலையோரத்தில் வண்டியை விட்டு இறங்கி மானுக்குத் தின்பண்டம் நீட்டுவோரைத் திருப்பி அனுப்புவது, இரவு 9 மணிக்குமேல் பந்திப்பூர் வழிச் சோதனைச்சாவடியில் வாகனங்களை நிறுத்தி ஓட்டுநர்களின் முணுமுணுப்பைக் கேட்பது எனப் பல நாள்கள் கழிகின்றன.

2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பன்னிமேடு பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த யானைக்கன்று ஒன்று தனியே அலைந்தது. கன்றைப் பிடித்து முகாமில் வளர்ப்பது எளிது. ஆனால் முகாமில் வளர்ந்தது காட்டுக்குத் திரும்புவது அரிது. எனவே தாயைத் தேடினர். சிறுவிமானத்தின் உதவியால் கூட்டம் இருக்குமிடம் தெரிந்தது. மனித மணம் ஒட்டிக்கொள்ளாதவாறு கன்றை நீராட்டி, கூட்டம் செல்லும் வழிக்கு அழைத்துச் சென்று விட்டனர். அது கூட்டத்தோடு சேர்ந்தது. சேர்ந்த பின்னும் குழுவினர் உடனே திரும்பிவிடவில்லை. தாய் ஏற்றுக்கொண்டதா, பாலூட்டுகிறதா என்று தொலைவிலிருந்தே நாள்கணக்கில் பார்த்திருந்தனர். அவ்வாறு பார்த்திருந்த ஒரு பகலில், தாயின் உடல்மீது சாய்ந்து கன்று உறங்குவதைக் காவலர் ஒருவர் படமெடுத்தார்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டுதோறும் செப்டம்பர் 11, தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1730ஆம் ஆண்டில் இராசத்தானின் கேசர்லி என்னும் ஊரில், மரங்கள் வெட்டப்படுவதைத் தடுத்து 363 பிசுனோய் மக்கள் உயிர்நீத்த நிகழ்வின் நினைவாக இந்நாள் அமைந்தது. பணியின்போது உயிரிழந்த வனப்பணியாளர்கள் அந்நாளில் நினைவுகூரப்படுகின்றனர். ஜூலை 31, உலக வனக்காவலர் நாள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் மாவட்டத்தில் உள்ள வனச்சரகங்களின் பெயர்களைத் திரட்டுக. அவற்றுள் ஒன்றில் பணிபுரியும் வனக்காப்பாளரையோ வேட்டைத்தடுப்புக் காவலரையோ நேர்காண்பதற்கான வினாக்களை எழுதுக.

2. ‘புலியைச் சுட வேண்டும்’ என்று கோரும் ஊராரின் தரப்பிலும், ‘உயிருடன் பிடிக்க வேண்டும்’ என்னும் தரப்பிலும் நின்று வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. சங்க இலக்கியக் குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனம் காத்தற்குரிய கருவிகளாகக் கூறப்படுவனவற்றைத் தொகுத்து, இன்றைய முறைகளோடு ஒப்பிடுக.